கை நிமிர்ந்தது, இனி வேலை?



உங்கள் காணிக்கையால் ஒருவருக்கு அறுவை சிகிச்சை நடக்கிறது. சில வாரங்கள் கழித்துக் கட்டுப் பிரிக்கிறார்கள். பயிற்சி கொடுக்கிறார்கள். ஒரு நாள் வார்டில் இருக்கிறவர்கள் கூடி ஜெபித்து, அவரை வழியனுப்பிவைக்கிறார்கள். நமது அறிக்கைகளில் பெரும்பாலும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். படம் ஒன்றும் இருக்கும்.

ஆனால் பஸ் ஏறி ஊருக்குப் போனவருக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. கட்டடத்தில் சாரம் ஏறிக்கொண்டிருந்தவர் இப்போது சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்று நட்டுக்கொண்டிருந்த அம்மாளுக்கு விரல்களில் உணர்ச்சி இல்லை. லாரி ஓட்டியவருக்கு ஒரு கால் இல்லை. "இனி என்னப்பா செய்யப் போகிறாய்?" என்று முதலில் கேட்பது வீட்டார்தான். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்விக்கான பதிலைப் பற்றியது இந்தப் பாடம். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் இதை இரண்டு வாரமாகப் பிரித்து வாசிக்கலாம்.

மண்ணும் மாவுக்கட்டும்

இதைக் கற்றுக்கொள்ள விருத்தாசலத்துக்குப் போவோம். கடலூர் மாவட்டத்தில், மணிமுக்தா நதிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். ரயிலில் போகிறவர்களுக்கு அது ஒரு ஜங்ஷன். மற்றவர்களுக்குப் பழமலைநாதர் கோயில் உள்ள ஊர். இவை தவிர அதற்கு இன்னொரு அடையாளம் பீங்கான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது களிமண்ணும் கிடைக்கிறது. செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும், அதைச் சுற்றிச் சிறு பட்டறைகளும் அந்த ஊரில் வளர்ந்தன. பொம்மை, அகல் விளக்கு, கோப்பை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று பலவும் அங்கே செய்யப்பட்டிருக்கின்றன.

பீங்கான் பொம்மை எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்துகொள்வது இந்தப் பாடத்துக்கு அவசியம். களிமண்ணை நீரில் கரைத்து, மோர் போல ஓடும் பதத்தில் ஒரு கூழ் ஆக்குகிறார்கள். இதற்கு ஸ்லிப் என்று பெயர். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே உள்ள துளை வழியாகக் கூழை நிரப்புகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் உட்சுவரில் களிமண் தோல்போலப் படியும். போதிய கனம் வந்ததும் மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் இறுகியபின் அச்சைத் திறந்தால் உள்ளே வெறுமையான ஒரு பொம்மை நிற்கும். ஒட்டுக்கோட்டைச் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து, நிழலில் காயவைத்துச் சூளைக்கு அனுப்புவார்கள். வண்ணமும் கண்ணாடி போன்ற மெருகும் பிறகு வரும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்றதும் நம் வாசகர்களுக்கு எலும்பு முறிவு வார்டுதான் நினைவுக்கு வரும். ஆம், அதே ஜிப்சம் பொடியில்தான் மாவுக்கட்டும் போடுகிறோம். மருத்துவமனையில் அது முறிந்த கையை அசையாமல் பிடித்து வைக்கிறது. பட்டறையில் ஓடுகிற மண்ணுக்கு உருவம் கொடுக்கிறது. ஒரே மூட்டையிலிருந்து இரண்டு வேலை.

இந்தப் பட்டறையை ஒரு மருத்துவமனைக்காரரின் கண்ணோடு பாருங்கள். மண் சுமக்கவும், கூழ் கலக்கவும், சூளை அடுக்கவும் நல்ல உடல்பலம் வேண்டும். ஆனால் அச்சில் ஊற்றுவதை மேஜை முன் உட்கார்ந்து செய்யலாம். சீவுவதும் துடைப்பதும் உட்கார்ந்த வேலையே. பொம்மைக்குக் கண் எழுத ஒரு நல்ல கையும், நடுங்காத மனமும் போதும். புதிய பொம்மைக்கு மாதிரி உருவம் செய்கிறவருக்குக் கைக்கும் கண்ணுக்கும் மேலாகக் கற்பனை வேண்டும். அதாவது, ஒரே கூரையின் கீழ் பல "இருக்கைகள்" இருக்கின்றன. நின்று செய்த இருக்கையை இழந்தவருக்கு அதே தொழிலில் வேறொரு இருக்கை இருக்கக்கூடும். "இருக்கை" என்ற இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். இந்தப் பாடத்தில் அது பலமுறை வரும்.

சக்கரத்தை மிதிக்க முடியாத குயவர்

மண்பாண்டத் தொழிலின் சரித்திரத்திலேயே இதற்குப் பெரிய சாட்சி ஒருவர் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியிலுள்ள பர்ஸ்லம் என்ற ஊரில், குயவர் குடும்பத்தில், 1730-ல் பிறந்தவர் ஜோசையா வெட்ஜ்வுட். சிறுவயதிலேயே சக்கரத்தில் உட்கார்ந்து கை பழகியவர். பிள்ளைப் பருவத்தில் பெரியம்மை கண்டது. உயிர் தப்பியது, வலது முழங்கால் கெட்டுவிட்டது. அந்த ஊர்க் குயவர்களின் சக்கரம் காலால் மிதித்துச் சுற்றுவது. கால் இல்லையென்றால் சக்கரம் இல்லை. சக்கரம் இல்லையென்றால், அக்காலத்தில், குயவன் இல்லை.

அவர் தொழிலை விடவில்லை. தொழிலுக்குள் இடம் மாறினார். உருவம் செய்வதிலும், மண் கலவையிலும், மெருகுப் பொருட்களிலும் கவனம் செலுத்தினார். ஒவ்வொரு சோதனையையும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1759-ல் சொந்தத் தொழில் தொடங்கினார். அவருடைய வெண்மஞ்சள் நிறப் பாத்திரங்கள் இங்கிலாந்து ராணி சார்லட்டின் மேஜைக்குப் போயின. 1768-ல் அந்த வலது காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருந்து இல்லாத காலம் அது. மரக்கால் பொருத்திக்கொண்டு மறுபடி வேலைக்கு வந்தார். நீலப் பின்னணியில் வெள்ளை உருவங்கள் ஒட்டிய "ஜாஸ்பர்" பண்டங்கள் 1770-களின் நடுவில் அவர் கையில் உருவாயின. அதற்கு முன் ஆயிரக்கணக்கான சோதனைத் துண்டுகளைச் சுட்டுப் பார்த்திருந்தார். சூளையின் வெப்பத்தை அளக்க அவர் கண்டுபிடித்த கருவிக்காக 1783-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. அடிமை வியாபாரத்தை எதிர்த்து, விலங்கிட்ட மனிதன் முழங்காலில் நிற்கும் பதக்கத்தை 1787-ல் செய்து வழங்கியதும் அவருடைய பட்டறைதான்.

அம்மை வந்ததால்தான் அவர் பெரியவர் ஆனார் என்று சிலர் பிரசங்கத்தில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அம்மை கண்டது, பலர் இறந்தார்கள். வெட்ஜ்வுட்டுக்கு ஒரு குடும்பப் பட்டறை இருந்தது, கற்றுக்கொடுக்க அண்ணன் இருந்தார், பிற்பாடு நல்ல கூட்டாளிகள் கிடைத்தார்கள். கால் போனவருக்கு இவையும் இருந்தால் என்ன நடக்கும் என்பதையே அவர் கதை காட்டுகிறது.

வேலூரில் ஒரு மரப்பட்டறை

இவ்வளவு தூரம் போவானேன், நமக்குப் பக்கத்திலேயே வேலூர் இருக்கிறது. டாக்டர் பால் பிராண்டு 1914-ல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன் லண்டனில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாண்களை இடம் மாற்றித் தைப்பதன் மூலம் நிமிர்த்த முடியும் என்று அவரும் உடன் ஊழியர்களும் காட்டினார்கள்.

அதன்பின் நடந்ததை அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முதலில் கை நிமிர்ந்த நோயாளிகளில் சிலர் திரும்பி வந்தார்கள். முகத்தில் மகிழ்ச்சி இல்லை. மடங்கிய கையை நீட்டியபோது காசு விழுந்தது. இப்போது கை நேராக இருக்கிறது, காசு விழவில்லை. தழும்புகளைப் பார்த்து வேலை கொடுப்பாரும் இல்லை, வாடகைக்கு இடம் கொடுப்பாரும் இல்லை. பிச்சை எடுப்பதற்கும் உதவாத, வேலைக்கும் அழைக்கப்படாத கையை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வது? அறுவை மேஜையில் கிடைத்த வெற்றி தெருவில் தோல்வியாகிவிட்டது.

இதிலிருந்துதான் பாகாயம் கல்லூரி வளாகத்தில் நவ ஜீவ நிலையம் பிறந்தது. வயது முதிர்ந்த மிஷனரி அம்மையார் ஒருவர் தமது சேமிப்பிலிருந்து கொடுத்த பணம் அதற்கு ஆரம்பமாயிற்று. சில எளிய குடிசைகள், ஒரு பட்டறை. டாக்டர் பிராண்டு தாம் வாலிபத்தில் கற்ற தச்சு வேலையைத் தாமே கற்றுக்கொடுத்தார். குணமானவர்கள் மரப் பொம்மைகள் செய்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு ரம்பம் பிடித்த டாக்டரை அந்தப் பட்டறையில் கற்பனை செய்து பாருங்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் அந்த மரத்தூளுக்கு நடுவில் மருத்துவ உலகம் ஒரு பெரிய உண்மையைக் கற்றது.

அறுவை செய்து நன்றாக்கிய கைகளில் மறுபடி புண் வந்துகொண்டே இருந்தது. தொழுநோய் விரல்களை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பியிருந்த காலம். பிராண்டும் குழுவும் தினமும் கைகளைச் சோதித்து, ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடினார்கள். சிம்பு எழும்பிய சுத்தியல் பிடி. சூடான தம்ளர். துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஒரு சிறுவன் சாவியைத் திருகியபோது, விரல் எலும்பு தெரியக் கிழிந்தும் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரவில் படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இல்லை, எலி கடித்திருந்தது. வலி இல்லாததால் அவர் விழிக்கவில்லை. அதற்குப் பரிகாரமாக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். மருத்துவ நூல்களில் வராத மருந்து!

விரல்கள் நோயால் உதிரவில்லை, உணர்ச்சி இல்லாமையால் ஏற்படும் காயங்களால் தேய்கின்றன என்பது இப்படித் தெளிவாயிற்று. அதனால் பயிற்சி மாறியது. கருவிகளின் பிடியைத் தடிமனாக்கி மெத்தையிட்டார்கள். அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவச் செய்தார்கள். வலி செய்ய வேண்டிய காவலைக் கண் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பாதப் புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நடக்கும் பாரம் முழுப் பாதத்திலும் பரவும்படி செய்யும் முறையும் வேலூர், கரிகிரி வட்டாரத்தில் வளர்ந்து வெளிநாடுகளுக்குப் போயிற்று. இன்று சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி இழந்தவர்களுக்கும் அந்த முறை பயன்படுகிறது.

இப்போது விருத்தாசலத்துப் பட்டறையை மறுபடி நினையுங்கள். உணர்ச்சியற்ற கை உள்ளவரைச் சூளை இறக்கும் வேலைக்கு வைத்தால் என்ன ஆகும்? பீங்கான் சுடுவதற்கு 1,200 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் தேவை. சூளை ஆறிவிட்டது என்று நினைத்துத் தொட்டால், சுட்டது தெரிவதற்குள் தோல் போய்விடும். ஆனால் கூழ் ஊற்றுவதில் சூடு இல்லை. ஈரப் பஞ்சு யாரையும் வெட்டாது. தொழில் ஒன்றுதான். ஒரு இருக்கை அவரைக் காக்கும், இன்னொரு இருக்கை அவருடைய கையைத் தின்றுவிடும்.

காசநோயிலிருந்து குணமானவரைக் காய்ந்த மண் பொடி பறக்கும் இடத்தில் வைக்கக் கூடாது. அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுப்பதோடு காசநோய்க்கும் வழி திறந்துவிடும். முதுகுத்தண்டு அடிபட்டவர் மேஜை முன் நாள் முழுவதும் உட்காரலாம்தான். ஆனால் மெத்தையும், சிறிது நேரத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடலைத் தூக்கிப் பாரம் இறக்கும் பழக்கமும் இல்லாவிட்டால், படுக்கைப் புண் அவரைத் திரும்ப வார்டுக்கே கொண்டுவந்துவிடும். ஒரு மாதச் சம்பாத்தியம் அதில் போகும், சில வேளை உயிரும் போகும். வேலை கொடுக்கிறவர் மருத்துவரைக் கேட்காமலும், மருத்துவர் வேலையைப் பார்க்காமலும் முடிவு செய்தால் இப்படித்தான் ஆகும்.

டாக்டர் மேரியின் நாற்காலி

நவ ஜீவ நிலையம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கேரளத்திலிருந்து வந்து வேலூரில் மருத்துவம் படித்த டாக்டர் மேரி வர்கீஸ் அப்போது இருபதுகளின் இறுதியில் இருந்தார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முகத்தில் கடுமையான காயம். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் போய்விட்டன. கத்தி பிடிக்கக் கனவு கண்ட பெண், படுக்கையில் திரும்பிப் படுக்கவும் பிறர் உதவியை எதிர்பார்க்கும் நிலை.

அவரிடம் டாக்டர் பிராண்டு கொண்டுபோனது ஆறுதல் மட்டும் அல்ல, ஒரு யோசனையும்கூட. வயிற்றைத் திறக்கும் அறுவைக்கு மருத்துவர் நிற்க வேண்டும். கையில் செய்யும் அறுவைக்கோ, நோயாளியின் கையைச் சிறு மேஜையில் நீட்டிவைத்து, மருத்துவர் எதிரே உட்கார்ந்துதான் செய்வது வழக்கம். நன்றாக நடக்கிறவரும் அங்கே உட்காருகிறார். அப்படியானால் சக்கர நாற்காலி அந்த இடத்தில் ஒரு குறையே அல்ல! இந்த ஒரு கவனிப்பில்தான் எல்லாம் திரும்பிற்று. டாக்டர் மேரி தொழுநோயாளிகளின் கைகளை நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்து திருத்தத் தொடங்கினார்.

மிதிக்கும் சக்கரத்தை விட்டு மாதிரி உருவத்துக்குப் போன வெட்ஜ்வுட்டும், நிற்கும் மேஜையை விட்டு உட்காரும் மேஜைக்குப் போன டாக்டர் மேரியும் செய்தது ஒன்றே. இருவரும் வேறு தொழில் தேடி ஓடவில்லை. தங்களுக்குத் தெரிந்த தொழிலுக்குள்ளேயே, இழந்த உறுப்பு தேவைப்படாத இருக்கையைக் கண்டுபிடித்தார்கள்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகருக்குப் போய், நாற்காலியில் வாழும் ஒருவர் தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் பயிற்சியைப் பெற்றார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட விமானப் படையினரைத் திரும்ப வாழ்க்கைக்குக் கொண்டுவருவதில் அனுபவம் பெற்றவர் டாக்டர் ரஸ்க். படித்துத் திரும்பிய டாக்டர் மேரி வேலூரில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-ல் பாகாயத்தில், முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகை நிலையங்களுக்கு அதுவே முன்னோடி. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படிப்பட்டவர்கள் நம் சபைகளுக்கு வெளியிலும் உண்டு. பொறியியல் மாணவராயிருந்த எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரி தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-ல் தென்காசியை அடுத்த தம் ஊர் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பள்ளியும் தொழிற்பயிற்சியும் அதில் வளர்ந்தன. 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வாய்ப்பு உள்ளவர்கள் ஆய்க்குடிக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

எரேமியா 18-ம் 19-ம்

குயவன் என்றால் நமக்கு எரேமியா 18-ஆம் அதிகாரம். சக்கரத்தில் கெட்டுப்போன பாத்திரத்தைக் குயவன் வேறு பாத்திரமாக வனைந்ததைத் தீர்க்கதரிசி பார்க்கிறார். வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகிறவர்கள் இந்தப் பகுதியை விரும்பி வாசிப்பார்கள். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் வாசியுங்கள். அங்கே எரேமியா சுட்ட ஒரு கலசத்தை வாங்கிக்கொண்டுபோய் உடைக்கிறார். அது திரும்பச் சேர்க்கக்கூடாதது.

விருத்தாசலத்துத் தொழிலாளிக்கு இந்த இரண்டு அதிகாரத்துக்கும் உள்ள வித்தியாசம் நன்றாகத் தெரியும். காய்ந்த பச்சைப் பொம்மை உடைந்தால் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார், மறுபடி கூழாகிவிடும். ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் சுட்டுவிட்டால் மண்ணுக்குள் பிணைந்திருந்த நீர் போய்விடுகிறது. அதன்பின் எத்தனை நாள் ஊறவைத்தாலும் அது களிமண் ஆகாது. அறுந்த முதுகுத்தண்டு நரம்பும் வெட்டப்பட்ட காலும் இப்படிப்பட்டவையே. அவரிடம் போய்ப் பச்சைமண் பிரசங்கம் செய்தால், கேட்கிறவருக்கு வலிக்கும்; சில வேளை நம்பிக்கையே கசந்துபோகும்.

ஆனாலும் செராமிக் தொழிலில் உடைந்த ஓட்டைக் குப்பையில் போடுவதில்லை. அதை இடித்துத் தூளாக்கிப் புது மண்ணில் கலக்கிற வழக்கம் உண்டு. ஏற்கனவே நெருப்பைப் பார்த்த தூள் மறுபடி சுருங்காது. ஆகையால் அது கலந்த மண் காயும்போது குறைவாகச் சுருங்குகிறது, குறைவாக வெடிக்கிறது, திடீர்ச் சூட்டையும் தாங்குகிறது. சூளைக்குள் பண்டங்களை அடுக்கிவைக்கும் மண்பெட்டிகளுக்கு இந்தத் தூள் இல்லாமல் முடியாது. நெருப்பைத் தாங்க வேண்டிய இடத்தில், நெருப்பில் இருந்துவந்ததுதான் உதவுகிறது. வேலூரில் புதிதாக நாற்காலிக்கு வந்தவர்களின் முன் டாக்டர் மேரி தம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து நின்றபோது இதுதான் நடந்தது. நல்ல கால் உள்ள மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினாலும் அதற்கு ஈடாகாது.

தையல் மிஷின் மட்டுமா?

இனிக் காணிக்கை விஷயம். மறுவாழ்வு உதவி என்றதும் நாம் எல்லோரும் தையல் மிஷின் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். படத்துக்கும் அது நன்றாக இருக்கிறது. தைக்கத் தெரிந்தவருக்கு, தைக்க விருப்பம் உள்ளவருக்கு, அது பெரிய உதவிதான். மற்றவர்கள் வீட்டில் அதன்மேல் துணி மடித்து வைத்திருப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது, "இதற்கு முன் என்ன செய்தீர்கள்? எதில் உங்களுக்குக் கை வரும்?" என்பதே. கொத்தனாராக இருந்தவருக்கு மண்ணின் பதம் தெரியும். அவருக்கு அச்சு வார்ப்பது எளிது. கோலம் போடுகிற கைக்குக் கண் எழுத வரும். தன் கற்பனையால் ஒன்றைச் செய்து, அதற்குத் தானே விலை சொல்லும்போது ஒரு மனிதன் நிமிரும் விதமே வேறு. கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்தால் அந்த நிமிர்வு வருவதில்லை.

சொந்தத் தொழில் என்பதில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. நூறு பொம்மை வார்த்தால் நூறும் கைக்கு வராது. காயும்போது சில வெடிக்கும், சூளையில் சில கோணும். அச்சு நாளடைவில் தேயும். மூக்கும் முழியும் மழுங்கிய பொம்மையை யாரும் வாங்கமாட்டார்கள், புது அச்சு செய்ய வேண்டும். தனியாளுக்குச் சொந்தச் சூளை கட்டுப்படியாகாது. பலருக்குப் பொதுவான சூளையில் இடம் பிடித்துக் கூலி கொடுத்துச் சுடுவதே வழி. சந்தையும் மாறுகிறது. வீடுகளில் தானியங்கி சுவிட்சுகள் வந்தபின் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்கு மதிப்புக் குறைந்தது. கோப்பையில் பெரிய ஆலைகளோடு போட்டிபோட முடியாது. சிறு பட்டறையைக் காக்கக்கூடியது, ஆலை செய்யாத உருவங்கள்தான்: கொலுப் பொம்மை, கார்த்திகை அகல், கிறிஸ்துமஸ் குடில்.

ஆகையால் நல்ல உதவி எப்படி இருக்கும்? நாற்காலி உள்ளே நுழையும் உயரத்தில் ஒரு மேஜை. வாசற்படிக்குப் பதில் ஒரு சரிவு. தடித்த பிடி போட்ட கருவிகள். முதல் சில சூளைகளுக்கான கூலி, முதல் உடைசலைத் தாங்கும் கொஞ்சம் முதல். ஊனமுற்றோர் அடையாள அட்டைக்கும் கடன் மனுவுக்கும் கூட அலைய ஒரு ஆள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தபின் பல உரிமைகள் காகிதத்தில் இருக்கின்றன. அவற்றை அலுவலகத்தில் கேட்டு வாங்க, படி ஏறக்கூடிய ஒருவர் தேவைப்படுகிறார். நம் வாலிபர்கள் அதைச் செய்யலாம். அதற்கு ரசீது போட வேண்டியதில்லை.

வாங்குவதிலும் ஒரு முறை உண்டு. இரக்கப்பட்டு வாங்குகிறவர் ஒரு முறை வாங்குவார். பொம்மையின் கால் கோணலாக இருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார். செய்தவருக்கும் அது தெரியாமல் போகும். ஐயா, இந்த மேய்ப்பனின் கை சரியில்லை, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறவர்தான் அவரைத் தொழிலாளியாக மதிக்கிறார். அவரே அடுத்த வருடமும் வருவார்.

குடில் பொம்மைகளை நம் சபைகள் டிசம்பர் முதல் வாரத்தில் தேடுகின்றன. கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் அடைமழைக் காலம். அச்சு காயாது, பொம்மை காயாது, ஈரத்தோடு சூளைக்குப் போனால் வெடித்துவிடும். சிறு பட்டறைக்காரர் ஆவணி, புரட்டாசிக்குள் வார்த்து முடித்தாக வேண்டும். எனவே மேய்ப்பர் எத்தனை, ஆடு எத்தனை, என்ன உயரம் என்பதை எழுதி, மண்ணுக்கும் சூளைக் கூலிக்கும் ஆகிற முன்பணத்தோடு, ஆடி மாதக் கடைசிக்குள் ஆர்டர் கொடுத்துவிடுங்கள்.